காளிகேசத்திலிருந்து ஒரு பதில்

நாகர்கோவில்,
பங்குனி 12.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் நிம்மதியாயிற்று. இங்கிலாந்திலிருந்து உங்கள் மகள் அனுப்பிய, வசந்தத்தில் காட்டுத் தரையை மூடும் நீலப் பூவான புளூபெல்லின் படங்களைப் பற்றி எழுதிவிட்டு, நம் ஊரில் வசந்தம் என்று சொல்ல வெயிலைத் தவிர என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்ததால், சென்ற ஞாயிறு காலை அனுமதி பெற்று, வனக் காவலர் ஒருவர் துணையோடு காளிகேசம் காட்டுப்பாதையில் மூன்று மணி நேரம் நடந்து வந்தேன்.

கீரிப்பாறையை நெருங்கும்போதே பருவம் தெரிந்துவிட்டது. தை, மாசியில் மொட்டையாய் நின்ற ரப்பர் மரங்கள் தளிர்த்திருக்கின்றன; தோட்டத்து ஓரமெல்லாம் தேன்பெட்டிகள். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியன்று, இளந்தளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் பெரிதும் உறிஞ்சுகின்றன. ஒரு கொப்பைத் தாழ்த்தித் தொட்டுப் பார்த்தேன், விரல் பிசுபிசுத்தது.

காட்டுக்குள் முதல் அரை மணி நேரம் உங்கள் கட்சியே வெல்லும் போலிருந்தது. தரையில் சருகுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அங்கே புளூபெல் தரையை மூடுவது, மரங்கள் முழுதாய்த் தழைத்து நிழல் கவியுமுன் கிடைக்கும் சில வார வெளிச்சத்தை நம்பித்தான். நம் பசுமைமாறாக் காடோ ஒருநாளும் கூரையைத் திறப்பதில்லை. ஆகவே இங்கே பெரும்பாலும் பூப்பதெல்லாம் வெளிச்சமுள்ள உச்சியில்தான். உதிர்ந்ததைக் கொண்டே மேலே பூத்ததை அறிய வேண்டியிருக்கிறது.

ஒரு திருப்பத்தில் நாங்கு மரத்தின் பூ கிடந்தது: வெள்ளை இதழ் நான்கு, நடுவில் மஞ்சள் மகரந்தக் கற்றை, எடுத்த கையில் நெடுநேரம் நின்ற மணம். அண்ணாந்தால் பூவைவிடச் செந்தளிரே கண்ணை நிறைத்தது. சற்றுத் தள்ளி, இலையுதிர்க்கும் மரங்கள் கலந்து நிற்கும் சரிவில், இலவம்பூக்கள் சிதறிக் கிடந்தன. தடித்த சதைப்பற்றான அந்தச் செவ்விதழ்களில் பாதி கடிபட்டிருந்தன. சுற்றிலும் ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடம். மிளா, அதாவது கடமான், விடியுமுன் வந்து பொறுக்கித் தின்றுவிட்டுப் போகும் என்றார் காவலர். மிளாவைக் காணவில்லை, எனக்கு அந்தத் தடமே போதுமாயிருந்தது.

ஆற்றோரம் யாரோ சீட்டியடிப்பது கேட்டது. பாட்டு எங்கும் போய்ச் சேராமல் தாவித் தாவி அலைந்ததால், சுற்றுலா வந்த பையன்தான் என்று எரிச்சலோடு திரும்பினேன். பாறைமேல் சீகாரப் பூங்குருவி! நிழலில் கறுப்பாக இருந்தது, வெயிலுக்கு நகர்ந்ததும் நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னிற்று. அருகே ஈரமணலில் தமிழ் மறவன் ஒன்று சிறகை விரித்து மடக்கிக்கொண்டிருந்தது. 2019இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, அதுதான்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் அட்டை பெருகிவிடும். இம்முறை கொண்டுபோன உப்புப் பொட்டலம் பிரிக்காமலே திரும்பியது. ஆகவே, மருத்துவர் வெயிலில் போகலாம் என்றதும் நாள் குறித்து எழுதுங்கள். அனுமதிக்கு நான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்