செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வெள்ளத்தில் நின்ற புல்லட்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நம் மோட்டார் சைக்கிள் சங்க உறுப்பினர்களே, அவர்களுடன் வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இந்த ஆண்டும் நடந்தது. மழையால் ஒரே ஒரு கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைத் தனியாகப் பார்க்கவும். வரவு செலவுக் கணக்கை அவரே வாசிப்பார். ஷெட்டின் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சென்ற ஆண்டு பேசினோம், அதைச் சரிசெய்தாகிவிட்டது.

இனி நான் பேசப்போவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. இந்த ஆண்டு நாம் சேர்ந்து செய்த வேலை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது அதுதான்.

1972 மாடல் புல்லட் 350. நம் உறுப்பினர் ஒருவருடைய அப்பா வாங்கி ஓட்டியது. அவர் காலமான பிறகு வீட்டின் பின்பக்கம் தார்பாய்க்குள் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னை பட்ட பாடு நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டியும் இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்றது. மினி லாரியில் நம் ஷெட்டுக்கு வந்து இறங்கியபோது கிக்கர் இம்மிகூட அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்த டிரெயின் போல்டைக் கழற்றினோம். முதலில் தண்ணீர் வந்தது, அப்புறம் பால் கலந்த காபி மாதிரி ஒரு குழம்பு, கடைசியில்தான் எண்ணெய். வண்டிக்காரப் பெண்ணான அந்த உறுப்பினர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இதை எடைக்குப் போட்டுவிடலாம் என்று மாமா சொல்கிறார்” என்றார். மேஸ்திரி குனிந்து இன்ஜின் நம்பரைத் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது எங்க கையில பிறந்தது பாப்பா, எடைக்கெல்லாம் போகாது” என்றார்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். மேஸ்திரி திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புல்லட் பிறந்தது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு அதை வாங்கத் தொடங்கியபின், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியான ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் எந்திரங்களும் வந்து சேர்ந்து, ஒவ்வொரு பாகமும் திருவொற்றியூரிலேயே உருவாக ஆரம்பித்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. நம் பக்கத்தில் மட்டும் புல்லட் நிற்கவில்லை. இது நம் ஊர் வண்டி என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

வேலை ஆரம்பித்த நாளே ஒரு சிக்கல். நம்மிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் பாதிக்கும் மேற்பட்ட நட்டுகளில் உட்காரவில்லை. அந்தக் கால வண்டியில் எல்லாம் இங்கிலாந்து அங்குல அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அப்புறம் உளிதான் கதி. மேஸ்திரி வீட்டிலிருந்து அந்த அங்குல அளவுக்கான தன் விட்வொர்த் ஸ்பேனர் செட்டைக் கொண்டுவந்தார். எண்ணெய்த் துணியில் வரிசையாகச் சுற்றி வைத்திருந்தார், ஒன்றில்கூடத் துரு இல்லை.

நமக்கு முன்னால் உளி பிடித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். வலதுபக்க டைமிங் கவரைத் திறந்தால், கிராங்க் என்ற சுழல் தண்டின் முனையில் எண்ணெய் பம்புகளை ஓட்டும் வார்ம் நட்டு இருக்கும். அது லெஃப்ட் த்ரெட், வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். முன்பு எந்தப் பட்டறையிலோ யாரோ அது தெரியாமல் இடப்பக்கமாக உளி வைத்து அடித்திருக்கிறார். நட்டைச் சுற்றி நான்கு வெட்டுக் காயங்கள். மேஸ்திரி அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். “ஒரு நிமிஷம் யோசிக்காம அடிச்ச அடி இது” என்றார்.

இன்ஜின் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங் கிடையாது. ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே துளைகள் போட்ட ஒரு உலோக வளையம், அதாவது புஷ், தானாகச் சுழன்றபடி இருக்கும். அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் அழுக்கானாலோ பம்பு சோர்ந்தாலோ முதலில் போவது அந்த புஷ்தான். நம் வண்டியில் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் டக் டக் என்று சத்தம் கேட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேல் கீழாக இருக்கவே கூடாது.

உருளை பேரிங் போட்ட ராடு கடையில் கிடைக்கிறது, அதையே போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. புதிய புஷ்ஷை அவரே உட்காரவைத்தார். ஃபிளைவீல்களை அழுத்திச் சேர்த்து, கிராங்கை இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். முள் எங்கே விலகுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அந்த இடத்தில் செம்புச் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி சுற்றல், மறுபடி கோடு, மறுபடி தட்டு. ஒரு முழு ஞாயிறு அதற்கே போனது. மதியம் பிரியாணி வந்து ஆறிப்போனது, யாரும் எழுந்திருக்கவில்லை. முள்ளின் ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் வந்த பிறகுதான் அவர் கை கழுவினார். நான் சொன்ன யோசனை தவறு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

எண்ணெய் பம்புகள் இரண்டையும் கண்ணாடிப் பலகையில் பேஸ்ட் தடவித் தேய்த்துச் சமமாக்கினோம். அந்த வேலை முழுவதையும் வண்டிக்காரப் பெண்ணே செய்தார்.

சிலிண்டரில் நமக்கு நஷ்டம். அது ஏற்கனவே பலமுறை போர் அடிக்கப்பட்டு, அதாவது உட்சுவர் கடைந்து பெரிதாக்கப்பட்டு, அதற்கு மேல் பெரிய பிஸ்டன் கிடைக்காத நிலையில் இருந்தது. உள்ளே ஸ்லீவ் என்ற குழாயை இறக்கி மறுபடி 70 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரக் கொடுத்தோம். கொடுத்த லேத் பட்டறையில் பிஸ்டனைக் கேட்டு வாங்கி அளந்து பார்க்காமலே போர் அடித்துவிட்டார்கள். நாமும் வாங்கி வந்தபோது அளந்து பார்க்கவில்லை, அது நம் தவறு. இரண்டாவது ஓட்டத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஓட்டிப்போன அந்தப் பெண் உடனே கிளட்சைப் பிடித்ததால் கீழே விழாமல் தப்பினார். பின்னால் கண்டெய்னர் லாரிகள் வந்துகொண்டிருந்த சாலை அது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வேறொரு லேத்தில் சரியான இடைவெளிக்கு உட்சுவரைத் தேய்த்து ஹோனிங் செய்து, புதுப் பிஸ்டன் போட்டோம். இனி நம் ஷெட்டுக்குள் வரும் எந்தப் பாகத்தையும் அளந்து நோட்டில் எழுதாமல் பூட்டக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. நோட்டு அலமாரியின் முதல் தட்டில் இருக்கிறது.

இன்னொரு விபத்தையும் பதிவு செய்கிறேன். பொறி அடிக்கும் நேரமான டைமிங்கை வைத்து முடித்த பிறகு, இளைய உறுப்பினர் ஒருவர், திறக்கும்போது பொறியை அடிக்கவைக்கும் தொடுமுனைகளான பாயிண்ட்டின் இடைவெளி குறைவாக இருக்கிறதென்று நினைத்து அதைக் கூட்டி வைத்தார். இடைவெளி 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறியும் முன்கூட்டியே அடிக்கும். பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்து, கிக்கர் திருப்பி உதைத்தது. கணுக்காலில் பலத்த வீக்கம், மூன்று வாரம் கட்டோடு இருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாயிண்ட்டைத் தொட்டால் டைமிங்கை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ஷெட் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இப்போது, நம் கூட்டங்களில் அதிகம் சத்தம் எழுந்த விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைப் பழையபடியே வைப்பதா, மாற்றி அமைப்பதா?

இளைஞர்கள் வரைந்து கொண்டுவந்த படம் அழகாகத்தான் இருந்தது. பின்பக்கச் சேஸிஸை அறுத்துக் குட்டையாக்கி, தடித்த டயர் போட்டு, மட்கார்டைப் பாதியாக வெட்டி, குட்டைச் சைலன்சர் வைத்த வண்டி. கியரையும் இடப்பக்கம் மாற்றிவிடலாம் என்றார்கள். அந்தக் காலப் புல்லட்டில் கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். பழகாதவர்களுக்குத் தடுமாற்றம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞரான நம் உறுப்பினர் விளக்கினார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரித்தவரின் அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். அப்புறம் 2021இல் வந்த விதி: 50 வருடம் கடந்த, சேஸிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகள் விண்டேஜ் பதிவு பெறலாம், நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். சேஸிஸை ஒருமுறை அறுத்துவிட்டால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, என் கருத்தையும் அன்று சொன்னேன். ஐம்பது வருடம் தாங்கிய சேஸிஸை நாம் பத்து நிமிடத்தில் அறுத்துவிடலாம். ஒட்டவைத்தால் அது பழைய சேஸிஸ் ஆகாது. ஓட்டுகிறவருக்கு ஏற்ற மாதிரி வண்டியை அமைத்துக்கொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அது அவருடைய வண்டி. ஸ்பேனரால் செய்து ஸ்பேனராலேயே திருப்பக்கூடிய மாற்றம் எதுவானாலும் சரி. வெல்டிங்கும் ஹாக்ஸாவும் வேண்டாம். நீண்ட விவாதத்துக்குப் பிறகு கூட்டம் இதை ஏற்றுக்கொண்டது. படம் வரைந்த இளைஞர்களே முதலில் கை தூக்கினார்கள். அதற்காக அவர்களுக்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

அப்படிச் செய்த மாற்றங்கள் சில. அந்தப் பெண் உயரம் குறைவானவர் என்பதால் நீள சீட்டைக் கழற்றி, ஸ்பிரிங் வைத்த தனி சீட்டு பொருத்தினோம். ஹேண்டில்பாரை மாற்றிக் கை எட்டும்படி செய்தோம். 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கி முழு வயரிங்கையும் புதிதாக இழுத்தோம், இரவில் ஹெட்லைட் இப்போது உண்மையிலேயே சாலையைக் காட்டுகிறது. ஹெட்லைட்டுக்கு மேலே இருபுறமும் உள்ள டைகர் விளக்குகள் என்ற சிறு விளக்குகளும், மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டரும் பழையவையே. கழற்றிய சீட்டும் ஹேண்டில்பாரும் பெயர் எழுதி அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. கியர் வலப்பக்கமே இருக்கட்டும், அப்பா ஓட்டின மாதிரியே பழகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

டேங்க்குக்குக் கறுப்பு அடித்து, தங்கக் கோடு போட்டது தனிக் கதை. புல்லட் டேங்க்கில் கோடுகளைக் கையால் இழுப்பது திருவொற்றியூர் ஆலையின் பழக்கம். நம் பகுதியில் முன்பு கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்த ஓவியர் ஒருவர் செய்து தருகிறேன் என்றார். டேப் ஒட்டவில்லை, அளவுகோல் வைக்கவில்லை. அணில் முடித் தூரிகையை நீளமாகப் பெயின்ட்டில் தோய்த்து, சுண்டுவிரலை டேங்க்கின் விளிம்பில் ஊன்றி, முன்னாலிருந்து பின்னுக்கு நடந்தபடியே இழுத்தார். வளைவு முடியும்வரை மூச்சு விடவில்லை. சுற்றி நின்ற நாங்களும் விடவில்லை. கோடு ஆரம்பித்த இடத்தில் வந்து சேர்ந்தபோது ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. கூலியாக அவர் கேட்டது மிகக் குறைவு. செயற்குழு கூடுதலாகக் கொடுத்ததை இங்கே பதிவு செய்கிறேன், அதை நீங்கள் அங்கீகரிக்க வேண்டும்.

பொங்கல் கழிந்த ஞாயிறன்று வண்டி எழுந்தது. கிளப்பும் முறையை மேஸ்திரி அந்தப் பெண்ணுக்குக் காதோரம் சொல்லிக்கொடுத்தார். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்ப் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து நின்றால் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு சின்ன நகர்த்தல், விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக ஒரு மிதி. முதல் மிதியில் ஒரு இருமல். இரண்டாவதில் இன்ஜின் ஓடத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை முறுக்காமல் அப்படியே விட்டோம், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. வாசலில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பேன் என்று அப்புறம் என்னிடம் சொன்னார்.

விண்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, பேரணி போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே எடுக்க முடியும், தினசரி ஓட்ட முடியாது. அவர் வேலைக்கே இதில் போக விரும்புவதால், சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். முதல் 500 கிலோமீட்டர் முடிந்து எண்ணெயும் மாற்றியாகிவிட்டது. சத்தம் சுத்தமாக இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு விஷயங்கள் உங்கள் ஒப்புதலுக்கு வருகின்றன. ஒன்று, சங்கத்துக்கென்று ஒரு டயல் கேஜும் சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜும் வாங்குவது. இரண்டு, மேஸ்திரி தன் விட்வொர்த் ஸ்பேனர் செட்டைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அதை யார் எடுத்தாலும் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்து, துடைத்து, அதே எண்ணெய்த் துணியில் அதே வரிசையில் சுற்றி வைக்க வேண்டும். அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்