பழைய வீட்டோடு கொறங்காட்டையும் காட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம் பக்கத்தில் பல தலைமுறை கண்ட தோட்டத்து வீடு ஒன்றைப் பார்வையாளருக்குத் திறந்துவிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, அண்மையில் குடும்பத்தோடு சென்று பார்த்தேன். திண்ணையும் ஆசாரம் என்னும் கூடமும் தொட்டிக்கட்டு முற்றமும் பழைய அமைப்புக் குலையாமல் இருக்கின்றன. கிணற்றடியில் தென்னைகளுக்கு நடுவே பூச்செடிகளும் செழித்திருக்கின்றன. இத்தகைய வீடுகளை இடித்துத் தூண்களையும் கதவுகளையும் விலை பேசிவிடும் இந்நாளில், வீட்டைக் காத்து வரும் அக்குடும்பத்தாரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், வீட்டுக்குப் பின்னால் கிளுவை என்னும் முட்செடி வேலிக்குள் பரந்து கிடந்த கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, எங்களுக்குக் காட்டவில்லை. கேட்டதற்கு, "அங்க பாக்க ஒண்ணுமில்லைங்க, வெறும் மேய்ச்சல் காடுதானுங்க" என்றார் சுற்றிக்காட்டியவர்.

அந்த வீட்டை வாழவைத்ததே அந்தக் காடுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் இப்பகுதியில், கிணற்று நீர் எட்டிய அளவே தோட்டம். எஞ்சிய நிலத்தில் நம் முன்னோர் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு, சுற்றிலும் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நட்டு உயிர்வேலி கட்டினார்கள். மழைக்குத் தழைக்கும் புல் காய்ந்த பின்னும் நின்று தீவனமாகிறது. அதுவும் குறைந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய்கள் உதிர்ந்து ஆடுமாடுகளின் பசியாற்றுகின்றன. வேலி அடர்த்தியாக இருந்தால் மேய்ப்பதற்குத் தனி ஆளும் தேவையில்லை. காலையில் உள்ளே விட்டு வாயிற்படலைச் சாத்தினால் போதும்.

செந்நிறத்தில் பிறந்து, சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் காங்கேயம் கன்றுகள் வளர்வது இந்தப் புல்லில்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் அந்த இனத்தை மேம்படுத்தியதைப் பெருமையாகப் பேசும் நாம், அதன் மேய்ச்சல் நிலத்தை மறந்துவிடுகிறோம். அடிக்கடி உழவு படாத நிலமாதலால் கௌதாரியும் மயிலும் முயலும் ஓணானும் இங்கே நிம்மதியாக வாழ்கின்றன. வெள்ளோடு, நஞ்சராயன் குளம் ஆகியவை பறவைகள் சரணாலயங்களாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுவிட்டன. தனியார் பட்டா நிலமான கொறங்காட்டுக்கு உரிமையாளரின் மனமே காவல். அந்த மனம் தளர்ந்தால் காடு வீட்டுமனையாகிறது, அல்லது சூரிய மின்தகடுகளுக்குக் குத்தகைக்குப் போகிறது. வருமானம் இல்லாத நிலத்தை எத்தனை நாள்தான் வைத்திருப்பது என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆகவே, பழைய வீடுகளைப் பார்வைக்குத் திறப்போர் கொறங்காட்டையும் அதன் பகுதியாகவே காட்டி, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை வேலியைப் பேணச் செலவிட வேண்டும். கிளுவை பட்டுப்போன இடத்தில் கம்பிவேலி போடாமல் மழைக்காலத்தில் மீண்டும் போத்து நடலாம். கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் வேலியையும் பழுத்த புல்லையும் பார்க்கும் வெளியூரார் அதைத் தரிசு என்றே எண்ணுவார்கள் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அவர்களை அழைப்பது நல்லது. கன்றுகாலிகள் மேயும் நேரத்தில் கூட்டமாக உள்ளே விடாமல், கடவுக்கு (நுழைவழிக்கு) வெளியே ஓர் ஓரமாக நின்று பார்க்கச் செய்தாலே போதும்.

வேலி கட்டத் தெரிந்த பெரியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களைச் சந்தித்து, போத்து வெட்டும் பருவம் முதல் மேய்ச்சலை மாற்றிவிடும் முறை வரை விரிவாக எழுதித் தங்கள் இதழில் தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாராபுரம்.