ரோமிலிருந்து வந்த புரோச்

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதமும் புகைப்படமும் கிடைத்தன. முட்டி வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாடியில் கட்டட வேலை முடிந்து இப்போதுதான் வீட்டில் தூசி அடங்கியிருக்கிறது.

உன் மருமகள் ரோமில் பழைய சாமான் கடையில் வாங்கிய புரோச்சை, அதாவது பொடிக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து மொசைக் படம் செய்த உடை ஊசியை, "மலிவுச் சாமான்தானே" என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விலை மலிவாக இருக்கலாம், அதில் போயிருக்கும் கைவேலை அப்படியில்லை.

இந்தக் குட்டி மொசைக் கலையின் வம்சம் வத்திக்கானில் தொடங்குகிறது. புனித பேதுரு பேராலயத்தில் பீடங்களின் மேலிருந்த எண்ணெய் ஓவியங்கள் ஈரத்தில் கெட்டுப்போயின. அதனால் அதே ஓவியங்களைக் கண்ணாடித் துண்டுகளால் செய்து வைத்தார்கள். 1727-இல் அதற்கென்றே ஒரு பட்டறை ஏற்பட்டது. கண்ணாடி பளபளத்தால் ஓவியம் மாதிரி இருக்காது அல்லவா? அலெஸ்ஸியோ மத்தியோலி என்பவர் பளபளப்பில்லாத கண்ணாடியை எத்தனையோ சாயல்களில் உருக்கிக் கொடுத்தார். பேராலய வேலை குறையக் குறைய, கலைஞர்கள் சின்னப் பொருள்களுக்கு வந்தார்கள். 1775-இல் ஜாகொமோ ரஃபாயெல்லி தன் குட்டி மொசைக்குகளைக் காட்சிக்கு வைத்தார். ரோமைப் பார்க்க வந்த பணக்காரப் பயணிகள் அந்த ஊரின் பழைய அரங்கமான கொலோசியத்தின் படத்தை மோதிரத்திலும் மூக்குப்பொடி டப்பாவிலும் வாங்கிப் போனார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது செய்முறைதான். கண்ணாடிக் கட்டியைத் தீயில் இளக்கி இழுத்தால் மெல்லிய நூலாக நீளும். ஆறியதும் அரத்தால் லேசாகக் கீறி ஒடிக்க வேண்டும், அவ்வளவுதான். அரிசிக் குருணையைவிடச் சிறிய துண்டு கிடைக்கும். நல்ல வேலையில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 1,000-க்கும் மேல் அடங்கும். உலோகத்திலோ கல்லிலோ பள்ளம் எடுத்து, சலவைக்கல் பொடி, சுண்ணாம்பு, ஆளிவிதை எண்ணெய் கலந்த பசையை நிரப்பி, சாமணத்தால் ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். எண்ணெய்ப் பசை மெதுவாகத்தான் இறுகும் என்பதால், பிடிக்காத துண்டை எடுத்து வேறொன்று வைக்க அவகாசம் உண்டு. அப்புறம் இடுக்குகளில் வண்ண மெழுகை அடைத்து, மேலே தேய்த்துச் சமப்படுத்துவார்கள். அந்தோனியோ அகுவாத்தி இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே நூலில் பல நிறங்களைச் சேர்த்து இழுத்தார். இலையின் வெயிலும் நிழலும் ஒரே துண்டில் வந்துவிடும்!

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட மொசைக்குகள் உள்ள கில்பர்ட் சேகரிப்பைப் பார்த்தபோது, பேழைக் கண்ணாடியருகே குனிந்த பிறகுதான் பலவும் மொசைக் என்றே தெரிந்தது. ஓவியமாகவே மாறிவிட வேண்டும் என்பதுதான் அந்தக் கலைஞர்களின் ஆசை. ஆனால் விஜி, உன் புரோச் மாதிரி 20-ஆம் நூற்றாண்டில் பயணிகளுக்காகச் செய்தவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம். துண்டுகள் கொஞ்சம் பெரியவை, பித்தளைக் கம்பியால் ஓரம் பிரித்திருக்கும், எதையும் மறைப்பதில்லை. நீ அனுப்பிய புரோச்சின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலப் பூவின் ஒவ்வொரு இதழும் ஒரே துண்டு, சுற்றியுள்ள வெள்ளைத் துண்டுகள் பூவின் வளைவோடு சேர்ந்தே திரும்புகின்றன. அவசரமாகச் செய்த வேலையென்றால் நேர்வரிசையில் அடுக்கி முடித்திருப்பார்கள்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார். ‘இத்தாலி’ என்று முத்திரை இருக்கிறதா? ஊசியின் கொக்கி எப்படி இருக்கிறது? அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதே, பசை இளகித் துண்டுகள் உதிரும். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும்.

பொங்கலுக்கு வரும்போது அதையும் எடுத்து வா. என்னிடம் நல்ல பூதக்கண்ணாடி இருக்கிறது. உன் மருமகளையும் கட்டாயம் கூட்டி வர வேண்டும், அந்தக் கடையைப் பற்றி அவளிடம் நிறையக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
சாந்தா