பத்துமலைக் காவடிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்துமலைக்குக் காவடி கொண்டுவரும் குழுத் தலைவர்களுக்கும், ஆற்றங்கரையிலிருந்து குகைவரை அவர்களோடு நடந்து வரும் தொண்டர்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் முப்பத்தொரு ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சிறு வயதிலிருந்து தைப்பூசத்துக்கு வருகிறேன், பால்குடமும் எடுத்திருக்கிறேன். விரதத்தையோ அலகையோ குறை சொல்ல இதை எழுதவில்லை. 272 படி ஏறும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், உங்கள் குழுவில் ஒருவர் தள்ளாடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்காகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி காவடி எடுத்தான். ஐம்பது வயதைத் தாண்டியவன், இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மாத்திரை சாப்பிடுபவன். முதல் நாள் இரவு ஒரு குவளைப் பாலோடு படுத்தவன், விடிகாலையில் பழக்கத்தில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டான். படிக்கட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது உடல் நடுங்கியது, வியர்வை ஊற்றியது, பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தி நின்றது. அருள் வந்துவிட்டது என்று உறுமியை இன்னும் வேகமாக அடித்தார்கள். நான் அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் நடந்து வந்தவனின் கை சில்லிட்டுக் கிடந்தது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதித்தபோது சர்க்கரை லிட்டருக்கு 2.6 மில்லிமோல் என்று காட்டியது. 4-க்குக் கீழே இறங்கினாலே கவலைப்பட வேண்டிய அளவு அது. கன்னத்து அலகை உருவிய பிறகுதான் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க முடிந்தது. நல்லவேளையாக அப்போதும் அவனால் விழுங்க முடிந்தது.

அன்று அவன் உடலில் எந்த உறுப்பும் தனியாகப் பழுதாகவில்லை. உண்ணாமல் இருக்கும்போது கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை அறிந்து கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்கு அனுப்பும். உடல் எடையில் 2 விழுக்காடே இருந்தும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் மூளை, அதைக் கொண்டு நிதானத்தோடு இயங்கும். அவன் விழுங்கிய மாத்திரையோ, சாப்பிட்டானா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. இன்சுலின் கல்லீரலைத் தடுத்தது, படியேறப் போகும் கால்கள் இருந்த சர்க்கரையையும் இழுத்துக்கொண்டன, மூளை பசித்தது. உடனே சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரந்து அபாயமணி அடித்தன. நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அந்த மணியோசைதான். பக்திப் பரவசத்திலும் இதே அட்ரினலின்தான் எழுகிறது. ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு துளி ரத்தம்தான் வேறுபாட்டைச் சொல்லும். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. உங்கள் குழுவிலும் ஒருவராவது இருப்பார்.

நீரிழிவு இல்லாதவருக்கும் இந்த ஏற்றம் எளிதன்று. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை அனுப்பும் இதயம், பாரத்தோடு படியேறும்போது அதைப்போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் அனுப்ப வேண்டியிருக்கும். தொடைத் தசைகள் ரத்தம் கேட்கும். சூட்டை வெளியேற்றத் தோலும் கேட்கும். ஈரம் மிகுந்த நம் ஊர்க் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. ஆகவே உடல் மேலும் வியர்க்கிறது, ரத்தத்தின் அளவு குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் விரைகிறது, நீரை விடாதே என்று மூளையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஆணை போகிறது. இதனால்தான், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள், என்ன நிறம் என்று கேட்கச் சொல்கிறேன். கூச்சமான கேள்விதான்; ஆனால் தோல், இதயம், சிறுநீரகம் மூன்றின் நிலைமையையும் அந்த ஒரே பதிலில் ஓரளவு அறியலாம்.

படியேறும்வரை தாங்கியவர், மேலே சந்நிதியில் அசையாமல் நிற்கும்போது சாய்வதையும் பார்த்திருப்பீர்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தைப் பிழிந்து இதயத்துக்கு மேலேற்றுகின்றன. நின்றவுடன் அந்த உதவி நின்றுபோய், ரத்தம் கால்களில் தேங்குகிறது. நிற்கும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். மயங்கினால் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. அலகு குத்தியபின் வாயால் எதையும் கொடுப்பது கடினம் என்பதால், அதற்கு முன்பே ஒவ்வொருவரும் தண்ணீரோ இளநீரோ அருந்தியதை உறுதி செய்யுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், விரதத்தில் அளவை எப்படி மாற்றுவது என்று சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டிருக்கட்டும். ஆற்றங்கரையிலேயே சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளட்டும். சர்க்கரை இறங்கியவர் விழித்திருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையின் வேலை மணிக்கணக்கில் நீடிக்கும் என்பதால், தெளிந்துவிட்டாலும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.

காவடிக்குப் பின்னால் முக்காலி தூக்கி வருவதற்கென்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். சோதனைக் கருவியும் சர்க்கரைப் பொட்டலமும் அவருடைய தோள்பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி, கோலாலம்பூர்