பட்டன் அமுக்க மட்டுமா அப்ரண்டிஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க. 'பட்டறைக்கு ஆள் கிடைக்கல'ன்னு முதலாளிங்க புலம்புறத உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க. நானும் கோயமுத்தூர் கணபதில லேத் பட்டறைல நாலு மெஷின் வச்சு ஜாப் ஒர்க் (மத்த கம்பெனிங்களுக்கு கூலிக்கு கடைஞ்சு குடுக்கறது) ஓட்டுற ஆளுதான், ஆனா எங்க பக்கத்து தப்பையும் யாராவது சொல்லணும்ல, அதான் எழுதறேன்.

கவர்மென்ட் ஐடிஐல டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் எல்லாம் 2 வருஷம். பசங்களுக்கு மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் வேற. டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 ஐடிஐல ரோபோ, கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மெஷின்னு இறக்கிட்டாங்க. முடிச்சா டிப்ளமோல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம்.

அங்கிருந்து அப்ரண்டிஸா வர்ற பையன நாம என்ன பண்றோம்? கடையற பீஸை சக்குல (மெஷினோட பிடியில) மாட்டு, பச்சை பட்டனை அமுக்கு, கழட்டு, அடுத்ததை மாட்டு, வருஷம் பூரா இதேதான். ஆஃப்செட் (டூல் எந்த இடத்துல நின்னு வெட்டணும்னு மெஷினுக்கு குடுக்கற அளவு) பக்கம் கை வைக்க விடமாட்டோம், டூல் மோதி ஸ்பிண்டில் (பீஸைச் சுத்தற தண்டு) போச்சுன்னா செலவு யாரு பாக்கறதுன்னு பயம். அப்புறம் நாமளே 'இந்தக் காலத்து பசங்களுக்கு ஒண்ணும் தெரியல'ம்போம்.

என் பட்டறைலயே நடந்துச்சுங்க. 50 மில்லிமீட்டர் தடிமன் ஷாஃப்ட், டாலரன்ஸ், அதாவது அளவுல கூடக் குறைய இருக்கலாம்ங்கறது, மொத்தமே 20 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பையன் மெஷின்ல இருந்து சுடச்சுட எடுத்து மைக்ரோமீட்டர் வச்சிருக்கான், நடு சைஸ்ல கரெக்டா காட்டிருக்கு, அப்படியே நாப்பது பீஸ் ஓட்டிட்டான். ஆறினதும் பாத்தா அத்தனையும் அண்டர்சைஸ், அளவுக்குக் கம்மி. 30 டிகிரி சூடு ஏறுனா அந்த சைஸ் இரும்பு கிட்டத்தட்ட 18 மைக்ரான் பெருத்து நிக்கும், ஆறினா சுருங்கிடும்னு அவனுக்கு யாருமே சொல்லல, நானும்தான். திட்ட வாயத் தொறந்தவன் மூடிட்டேன். எனக்கு இதை 1994ல சொல்லிக் குடுத்த மேஸ்திரி எட்டாவது தாண்டாதவரு. சூடா ஒரு பீஸை அளக்கச் சொல்லி, 'போய் டீ குடிச்சிட்டு வந்து திரும்ப அளடா'ன்னாரு, அவ்வளவுதான் பாடம்.

இப்ப சனிக்கிழமை மத்தியானம் பழைய லேத் ஒண்ணை அப்ரண்டிஸ் பசங்களுக்குன்னே விட்டிருக்கேன், ஸ்கிராப் ராடு குடுத்துருவேன், டூல் தீட்டறதுல இருந்து எல்லாம் அவங்களே. மூணு மாசத்துல ரெண்டு டூல் உடைஞ்சுது, ஒருத்தன் சிஎன்சில ஆஃப்செட் தனியா போடறான். கரண்ட் பில்லைப் பாத்துட்டு என் மவன்தான் மொறைக்கிறான்.

ஒரு லேத் பட்டறைக்காரன், கணபதி, கோவை