எங்கள் பெயின்ட் குப்பியில் தண்ணீர் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால், பாகங்களை ஒட்டிப் பெயின்ட் பூசிச் சிறு விமானமோ டாங்கியோ செய்யும் ஸ்கேல் மாடல் கிட்டுகளில் புதிதாக வந்தவற்றின் பட்டியலை உங்களுக்கு அனுப்புவது வழக்கம். இந்த முறை தை முதல் வரவிருக்கும் விலை மாற்றத்தைப் பற்றியும், கடையில் இருந்த தம்பி வேலையை விட்டுப் போனதைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பத்து நாட்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்துக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் எழுதக் கை ஓடவில்லை.

பார்த்திருப்பீர்கள். நம் கடையின் 5 மில்லி குப்பி, பக்கத்தில் திட்டுத் திட்டாக மஞ்சள் பூசிய ஒரு விமான இறக்கை, கீழே "சிறுவாணித் தண்ணீர் கலந்த பெயின்ட்" என்று ஒரு வரி. சிலர் அதை எனக்கே அனுப்பி விளக்கம் கேட்டீர்கள். கேட்காதவர்களும் பார்த்துவிட்டீர்கள் என்பது கடைக்கு வந்தபோது நீங்கள் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததிலேயே தெரிந்தது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் என்று ஒருவனைப் பற்றி ஊரில் பேச்சு வந்துவிட்டால் பிறகு அவன் வாசலில் யாரும் செம்பை நீட்டுவதில்லை. பதினேழு ஆண்டுகளாகக் காந்திபுரத்தில் இந்தக் குறுகலான மாடிப்படியில் உங்களை ஏற வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டும் கேளாததுபோல் இருக்க என்னால் முடியாது.

இந்தச் சின்னக் குப்பி எதற்காக வந்தது என்பது பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். சூலூருக்கு மேலே தேஜஸ் பறப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் முதலில் தேடி வருவது பெரும்பாலும் நாட் என்ற சின்னப் போர் விமானத்தின் மாடலைத்தான். 2020 மே மாதம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் தொடங்கப்பட்ட விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன் (போர் விமான அணி), 1971 போரில் நாட் ஓட்டிய அதே ஸ்குவாட்ரன். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் உயிர் கொடுத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் அதைச் சேர்ந்தவர். அந்த நாட் விமானத்தை 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காகச் செய்தால் இறக்கை முனைக்கு முனை ஒன்பதரை சென்டிமீட்டர்கூட வராது. இரண்டு கோட்டிங் பூசினாலும் இரண்டு மில்லி பெயின்ட் தாராளம். அதற்கு நான்கு நிறத்தில் நான்கு பெரிய புட்டி வாங்கு என்று ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சொன்னால் அவன் அதோடு போய்விடுவான். அதனால்தான் டாமியா என்ற ஜப்பான் கம்பெனியின் 23 மில்லி அக்ரிலிக் புட்டியை வாங்கி, ஐந்து ஐந்து மில்லியாக நான்கு குப்பிகளில் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினேன். மீதி மூன்று மில்லி புட்டியின் சுவரிலும் மூடியிலும் பிரஷ்ஷிலும் போய்விடும். இதில் எனக்கு நிற்பது அதிகமில்லை.

இனி அந்த மஞ்சளுக்கு வருகிறேன். அது எக்ஸ்எஃப்-3 என்ற பளபளப்பில்லாத மஞ்சள். இப்படிப் பளபளக்காத மட் பெயின்டில் பளபளப்பைக் குறைக்க ஒரு நுண்ணிய பொடி சேர்த்திருப்பார்கள். குப்பியைப் பத்து நாள் அசைக்காமல் வைத்தால் அந்தப் பொடியும் நிறமியும் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்பது பார்வைக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும். அந்தத் தெளிவை மட்டும் தொட்டுப் பூசினால் நிறம் ஏறாது, காய்ந்த பிறகு பளபளவென்றும் இருக்கும். அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள், இறக்கை மினுங்குகிறது. மட் பெயின்ட் அப்படி மினுங்கினால் குப்பி சரியாகக் கலக்கப்படவில்லை என்றுதான் பொருள். குலுக்கினால் மட்டும் போதாது. ஒரு பல்குத்தும் குச்சியையோ பழைய கம்பியையோ விட்டு அடியைச் சுரண்டி, குச்சியில் கட்டி ஒட்டாத வரை கலக்க வேண்டும்.

மஞ்சளுக்கு இன்னொரு குணமும் உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் அடியில் இருப்பதை மறைக்கும் வலு குறைந்தவை. கிட் வரும் பிளாஸ்டிக் பெரும்பாலும் சாம்பல் நிறம். அதன் மேல் நேரடியாக மஞ்சளைப் பூசினால் பச்சையடித்த மாதிரி அழுக்காகத்தான் தெரியும். முதலில் வெள்ளைப் பிரைமர் (அடிப்பூச்சு), அது நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய மஞ்சள் மூன்று கோட்டிங். கெட்டியாக ஒரே கோட்டிங்கில் முடிக்கப் பார்த்தால் ரிவெட் வரிசையும் பேனல் கோடும் மூடிப்போகும். அத்தனை நுணுக்கமாக அச்சில் வெட்டியிருப்பதை மூடுவதற்கா நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்?

திட்டுத் திட்டாக நின்றதற்குக் காரணம் வேறு. அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வர ஒரு வழவழப்பான பூச்சு பயன்படுத்துவார்கள். அது பிளாஸ்டிக்கில் கொஞ்சம் தங்கிவிடும். கழுவாமல் பெயின்ட் தொட்டால் சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு ஒதுங்கும். பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ரன்னரிலிருந்து வெட்டுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஓர் இரவு காயவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வெந்நீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

இதையெல்லாம் படம் போட்டவர் அந்தக் குப்பியை வாங்கிய அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை, கூட்டம், நான் ஒருவன்தான். சொல்லாமல் கொடுத்தது என் தவறு. அதற்கு மனதார வருத்தம் தெரிவிக்கிறேன். ஆனால் தண்ணீர் கலந்தேன் என்பதை ஏற்க மாட்டேன். புட்டி திறந்து நாளாகி இறுகியிருந்தால் டாமியாவின் சொந்தத் தின்னரான எக்ஸ்-20ஏ சில சொட்டுகள் சேர்ப்பது உண்டு. அது தண்ணீர் அல்ல. காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் அடிப்பவர்கள் பெயின்டைப் பால் பதத்துக்கு வரும்வரை அதே தின்னரில்தானே கரைக்கிறீர்கள்? தயவுசெய்து டர்பன்டைனை மட்டும் இந்த அக்ரிலிக்கில் ஊற்றிவிடாதீர்கள். திரிந்த பால்போல ஆகிவிடும். அப்படி ஆன குப்பிகள் இரண்டு இந்த ஆண்டு என் மேசைக்குத் திரும்பி வந்தன, இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன்.

இனிமேல் முன்கூட்டியே நிரப்பி அடுக்கி வைக்கப் போவதில்லை. நீங்கள் நிறம் சொன்னதும் மூலப் புட்டியை உங்கள் முன்னால் திறந்து, கலக்கி, அளந்து ஊற்றித் தருகிறேன். ஒரு குப்பிக்கு ஐந்து நிமிடம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருகிறேன். சுங்கப் பட்டியலில் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று சக்கர வண்டி, பொம்மை, புதிர், நம் ஸ்கேல் மாடல் எல்லாம் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் இந்தத் தலைப்புக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் தர முத்திரையும் கட்டாயம். அந்த ஆணை பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளுக்கானது. ஆனாலும் பெட்டி துறைமுகத்தில் இறங்கியதும் இது பொம்மையா இல்லையா என்ற கேள்வி எழும், தாள் மேல் தாள் போகும், நாட்கள் போகும். உள்நாட்டில் பொம்மைத் தொழில் வளர வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்குப் பிறகு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷெர்மன் டாங்கியின் சக்கரத்துக்கு ரப்பர் நிறம் தொட்டு வைக்கும் ஐம்பது வயது மில் மேலாளருக்கு எந்த நடைவண்டி மாற்றாகும்? இத்தனை நாள் பழைய இருப்பை வைத்துப் பழைய விலையில் ஓட்டினேன். அந்த இருப்பு ஐப்பசியோடு தீர்ந்துவிட்டது. தை முதல் கிட்டுகள் சராசரியாக 15 சதவீதம் ஏறும். 5 மில்லி குப்பி 90 ரூபாயிலிருந்து 110 ஆகும். தீபாவளிக்கு முன் முன்பணம் கட்டியவர்களுக்கும் இதுவே. பசை, மணல்தாள், பிரஷ் விலையில் மாற்றமில்லை.

கடைத் தம்பி போனது எனக்கு வருத்தம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய அப்பா பீளமேட்டுப் பக்கம் ஃபவுண்டரியில் வார்ப்பு அச்சுக்கான மாதிரியை, அதாவது பேட்டர்ன், செய்தவர். அதனால்தான் பெட்டியைத் திறந்த கையோடு எந்த மூட்டில் பிளாஷ் (அச்சு இடுக்கில் பிதுங்கிய பிளாஸ்டிக்) இருக்கும், எங்கே பொருத்தம் இடிக்கும் என்று அவரால் சொல்ல முடிந்தது. இப்போது ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் சேர்ந்திருக்கிறார். அங்கே கொடுக்கும் சம்பளத்தை நான் கொடுக்க முடியாது. ஆறு ஆண்டுகள் ஞாயிறுதோறும் பின்கட்டு மேசையில் உங்கள் பிள்ளைகளுக்கு மாடலின் சின்னங்களையும் எண்களையும் கொண்ட மெல்லிய டெகால் ஒட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். வேறு ஆள் அமையும் வரை அந்த மேசை மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் நடக்கும், நானே உட்காருவேன்.

இந்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஓர் அப்புச்சி பேரனோடு வந்தார். நான்கு ஆண்டுகளாக வருகிறவர். ஒன்றும் கேட்கவில்லை. ஆறு குப்பிகளை எடுத்து வைத்தார், காசு கொடுத்தார், "உன் பெயின்டில் செய்த ரயில் என்ஜின் எங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது தம்பி, நிறம் கொஞ்சமும் மங்கவில்லை" என்றார். ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் போன் செய்து "நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்னவர்கள், அந்தப் படத்தின் கீழேயே வெள்ளைப் பிரைமர் பூசினீர்களா என்று எனக்காகப் பதில் எழுதியவர்கள், உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொரோனா காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது வீட்டு முகவரிக்கே பெட்டி கேட்டு வாங்கி இந்தக் கடையை நிறுத்தாமல் வைத்ததும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

படத்தைப் போட்டவருக்கும் ஒரு வார்த்தை. அந்த இறக்கையையும் குப்பியையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலை வாருங்கள் தம்பி. பூசியதை எடுத்துவிட்டு, கழுவி, பிரைமர் அடித்து, அதே குப்பியில் இருக்கும் மஞ்சளை நாம் இருவரும் சேர்ந்து பூசிப் பார்ப்போம். நிறம் ஏறவில்லை என்றால் கிட்டின் முழு விலையையும் அங்கேயே திருப்பித் தருகிறேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் கடை விடுமுறை. மற்ற நாட்களில் மாலை நான்கு முதல் எட்டரை வரை திறந்திருக்கும்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் கடைக்காரர்,
காந்திபுரம், கோயம்புத்தூர்