எங்கள் மூதாய்க்குக் குடும்பம் தேடித் தந்தவர்களுக்கு

அன்பான எல்லோருக்கும்,

எங்கள் அம்மாவழி மூதாய் ஒருவர் மட்டக்களப்பில் அடிமையாக வாழ்ந்தவர். அவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும். அந்த இரண்டு பிள்ளைகளின் வழிவந்தவர்கள் இன்றும் டச்பாரிலும் திராய்மடுவிலும் ஒருவரையொருவர் தெரிந்தபடிதான் இருக்கிறோம். வீட்டில் அரைகுறையாகக் காதில் விழுந்த இந்தக் கதை இப்போது எழுத்தில் உறுதியாகிவிட்டது. இதில் என் கை கொஞ்சம், உங்கள் கைதான் நிறைய. அதற்காகத்தான் இந்த மடல்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பத்துப் பெரியவர்கள் சிலர் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள், அவர்கள் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. உதவியவர்களும் பெயர் வேண்டாம் என்றுவிட்டீர்கள். வாசிக்கும்போது யார் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி டச்பார் அன்ரிக்கும், அவர் பக்கத்தில் இருந்து வாசித்த சிஸ்டருக்கும். ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்னும் கத்தோலிக்கரைக் கைவிடாமல் பார்த்தவர்கள், புனித யோசப் வாஸ் அடிகளாரின் வழியில் கோவாவிலிருந்து வந்த குருமார். அவர்கள் எழுதியது போர்த்துக்கேயத்தில். சிஸ்டருக்குப் பழைய கையெழுத்தைக் கூட்டி வாசிக்க வரும், மொழி தெரியாது. அன்ரிக்குப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கி வீடுகளில் பேசுகிற போர்த்துக்கேயம் தெரியும், எழுத்து வாசித்துப் பழக்கமில்லை. இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினோம். பதிவேட்டின் ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அடியில் ஒரு மட்டையைக் கொடுத்துத்தான் பக்கத்தைத் தூக்க முடிந்தது. சிஸ்டர் சொல் சொல்லாகச் சத்தமாக வாசிக்க, அன்ரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தமிழில் சொன்னார்: "இது ஆம்பிளப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தது. தாய் இன்னாருட அடிமை. தகப்பன்ட பேர் எழுதல்ல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திரும்ப ஒருக்கா வாசிங்க சிஸ்டர்" என்றார். அந்தப் பதிவேட்டை எங்கள் முன்னால் விரித்துவைத்து, அவசரப்படுத்தாமல் இருக்கவிட்ட பாதருக்கும் இந்த இடத்தில் நன்றி.

அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த ஒற்றைப் பெயர்தான். அதே பெயரில் வேறு பெண்களும் பதிவேட்டில் இருந்தார்கள். எங்கள் தாய் எவர் என்று எப்படிப் பிரித்தெடுப்பது? வழிகாட்டியவர் கொக்கட்டிச்சோலைச் சேர். "மட்டக்களப்பில குடி யாரால வருது? தாயாலதானே. நீங்களும் தகப்பன்மாரை விட்டுப்போட்டுத் தாயைப் பிடிச்சுப் போங்க" என்றார். குடி என்பது இங்கே தாய்வழியாக வரும் குலம். ஒல்லாந்தர் சட்டமும் அடிமை விடயத்தில் தாயைத்தான் பார்த்தது. தகப்பன் சுதந்திர மனிதனாக இருந்தாலும், தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஒரு ஊரில் பெருமையோடு குடியைக் கொடுத்த அதே தாய்வழி, இன்னொரு வீட்டில் விலங்கைக் கொடுத்திருக்கிறது. சேரின் சொல்லைக் கேட்டுத் தாயின் பெயரையும், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நின்ற ஞானத்தாயின் பெயரையும் சேர்த்துத் தேடினோம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஞானத்தாய் ஒருவரே. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது லண்டனில் இருக்கும் என் மருமகன். வேலை முடித்த களைப்போடு அவன் கியூவிலுள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், அங்கே இருக்கும் இலங்கை அடிமைப் பதிவேடுகளில் எசமானின் பெயரைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினான். 1818ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி அடிமை வைத்திருந்தோர் எல்லாரும் அவர்களைப் பதிய வேண்டியிருந்தது. எசமானின் பெயருக்குக் கீழே தாய் இருந்தார், மகன் இருந்தான். மகள் இல்லை.

அன்று இரவு எனக்கு நித்திரையே இல்லை. பிள்ளை செத்துப்போச்சா, விற்றுவிட்டார்களா என்று மனது அடித்துக்கொண்டது. விடிந்ததும் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மகள் எப்ப பிறந்தவ?" அதற்குள்தான் விடை இருந்தது. பிரித்தானியர் ஆட்சியில் இங்கே பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816 ஆகஸ்ட் 12 முதல் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று எசமான்மார் பலர் எழுதிக்கொடுத்தார்கள். அது அந்நாள் பிரித்தானிய இளவரசரின் பிறந்தநாள். 1818இன் ஒழுங்குவிதி அந்த வாக்கைச் சட்டமாக்கியது. எங்கள் மூதாயின் மகன் அந்தத் திகதிக்கு முன் பிறந்தவன், மகள் பின் பிறந்தவள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று எசமானின் சொத்து, மற்றது இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாததுதான் அவளுடைய விடுதலை. எங்கள் வீட்டார் எல்லாரும் அவளுடைய வழி. அந்தத் தாய் இரண்டு பிள்ளைகளையும் ஒரே அடுப்படியில் வைத்து எப்படி வளர்த்தார் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

மகனுக்கு விடிவு வரச் சுணங்கியது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் கொண்டுவந்த ஒழிப்புச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 1844இன் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இங்கே அடிமை முறையை முற்றாக நீக்கியது. அதன் பின் அவர் என்னவானார் என்று காட்டியவர் திராய்மடு அங்கிள். டச்பாரில் 2004 சுனாமி வீடுகளோடு பெட்டி பெட்டியாகக் கடதாசிகளையும் கொண்டுபோய்விட்டது. அங்கிளின் தகப்பன் ஒரு திருமணப் பதிவின் போட்டோக் கொப்பியை முன்பே மட்டக்களப்பு ரவுனிலிருந்த தங்கச்சி வீட்டில் கொடுத்து வைத்திருந்தாராம். அங்கிள் அதைத் தேடி எடுத்து வந்தார். 1844க்குப் பிந்திய பதிவு. மணமகன் தச்சன். தாயின் பெயர் அதே பெயர். சாட்சியாக நின்றவர் தங்கையின் புருஷன்! சட்டம் பிரித்த அண்ணனும் தங்கையும் பிரியவில்லை.

"அந்த வீட்டோட நமக்குக் கலியாணம் இல்ல புள்ள, சகோதர முறை" என்று என் அம்மம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். ஏனென்று அவருக்கும் தெரியாது. இப்போது தெரிகிறது.

கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தின் வாசிப்பு அறையில் கேட்ட ஆவணக் கட்டுகளையெல்லாம் பொறுமையாக எடுத்துத் தந்த ஊழியர்களுக்கும், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தில் தேடப் பழக்கிவிட்ட பல்கலைக்கழகத் தங்கச்சிக்கும் நன்றி.

இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. "இதையெல்லாம் ஏன் கிளறுறாய், நாளைக்குப் பிள்ளையளுக்குக் கலியாணம் பேச வேணாமா" என்று ஒரு உறவினர் கேட்டபோது, எல்லார் முன்னாலும் என் பெரியம்மா சொன்ன பதில்: "வாங்கி வித்தவன்தான் வெக்கப்படணும். அவ ஏன் வெக்கப்படணும்?" அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு மாறியது. வாய் திறக்காத இரண்டு பேர் தாங்களாகவே வந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். பெரியம்மா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் தினத்தில் அந்தத் தாய்க்கும் இரு பிள்ளைகளுக்கும் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். இரண்டு வழிக் குடும்பங்களும் வருகிறோம், நீங்களும் வாருங்கள். அண்ணனின் பேரப்பிள்ளைகளில் ஒரு கிளை திருகோணமலைப் பாலையூற்றுப் பக்கம் போனதாகக் கேள்வி. அதைத் தொடரப் போகிறோம். உங்கள் வீட்டில் பழைய ஞானஸ்நானப் பத்திரமோ காணி உறுதியோ இருந்தால் மூலத்தைத் தர வேண்டாம், வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

நன்றியுடன்,
டச்பார்ப் பறங்கி வீட்டு மகள்
மட்டக்களப்பு